வளவுக்குள் பாம்பு: யாரைக் கூப்பிடுவது, எங்கே விடுவது?

"அண்ணே, ரெண்டாங்கட்டுல பூச்சி ஒண்ணு கெடக்கு. நாளைக்குப் படைப்பு. ஆச்சி விடியக்காலம் வந்துருவாக. என்ன பண்ணட்டும்?"

இப்படி ஒரு போன் வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது எனக்கு வரும். பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், பூச்சிதான். கட்டு என்பது எங்கள் நீளமான வீடுகளின் ஒரு பகுதி, வளவு என்பது நடு முற்றமும் அதைச் சுற்றிய இடமும். செட்டிநாட்டில், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் நாலு வீடுகளுக்கு நான் சாவிக்காரன். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குச் செய்யும் வழிபாடு), கோயில் காரியம் என்று வருஷத்தில் பத்து நாள் வீடு திறக்கும். மீதி 355 நாளும் அது எலிக்கும் பெருச்சாளிக்கும் பல்லிக்கும்தான். அவை இருக்கும் இடத்துக்கு அவற்றைத் தின்பது வரத்தான் செய்யும். பத்து நாள் வருபவருக்கும் 355 நாள் இருப்பதற்கும் நடக்கிற தகராறுதான் இந்த போன் எல்லாம்.

"தீயணைப்புக்குப் போன் போடலாமா, வனத்துறைக்கா, நம்ம பையன் ஒருத்தன் பிடிப்பானே அவனையா?" என்று கேட்காதவர்கள் கிடையாது. யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு எப்போதும் ஒரே பதில் இல்லை. ஆனால் எதை வைத்து முடிவு செய்வது என்று சொல்ல முடியும்.

## எதை வைத்து எடைபோடுவது

எங்கே கிடக்கிறது. என்ன பாம்பு என்பதை விட எனக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். முற்றத்தில் கிடக்கிறதா, ஆள் படுக்கும் பட்டாலையிலா, பின்கட்டுக்கு வெளியே கிணற்றடியிலா? வெளியே கிடந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. அறைக்குள் கிடந்தால் அதற்கும் போக வழியில்லை, நமக்கும் தூக்கம் இல்லை.

யார் இருக்கிறார்கள். குழந்தைகள், கண் மங்கிய பெரியவர்கள், தரையில் பாய் விரித்துப் படுக்கப்போகும் முப்பது விருந்தாளிகள். காவல்காரர் ஒருவர் மட்டும் கட்டிலில் படுக்கும் வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒரே முடிவு பொருந்தாது.

எவ்வளவு நேரம் இருக்கிறது. ஆள் வரும்வரை பாம்பு அங்கேயே இருக்குமா என்பதுதான் உண்மையான கேள்வி.

பிடிபட்ட பாம்பு பிழைக்குமா. "காப்பாத்தி விட்டாச்சு" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இதை எங்கே விடுவது என்ற பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

சட்டம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது எல்லாம் அதற்குள் வரும். 2022-இல் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை மூன்றுமே முதல் அட்டவணையில் இருக்கின்றன. மலைப்பாம்பும் உடும்பும் முன்பிருந்தே அங்கேதான். முதல் அட்டவணை உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் தற்காப்புக்காக, நல்லெண்ணத்தோடு செய்ததைக் குற்றமாகக் கொள்ள மாட்டார்கள். ஆனால் மூலையில் சுருண்டு கிடந்ததை நாலு பேர் சேர்ந்து அடித்துவிட்டு அதைப் போனில் படம் எடுத்துப் போடுவதற்குத் தற்காப்பு என்று பெயர் இல்லை.

பிறகு என்ன. இன்று ஒன்று போனால், அதே வழியாக அடுத்தது வராமலிருக்குமா?

## வழி ஒன்று: விட்டுவிட்டு ஒதுங்குவது

யாரும் கேட்காத வழி இது. நான் அதிகம் சொல்வதும் இதுதான்.

தோட்டத்தில், ஊரணிக் கரையில், தெருவைக் கடந்து ஒரு பாம்பு போகிறது என்றால் அது மீட்க வேண்டிய பாம்பு இல்லை. போய்க்கொண்டிருக்கும் பாம்பு, அவ்வளவுதான். நாயைக் கட்டிப்போட்டு, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுவிட்டு, பத்தடி தள்ளி நின்று அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும். வீட்டுக்குள்ளேயே வந்தாலும், வெளிக்கதவுக்கு அருகில் முகப்பிலோ தாழ்வாரத்திலோ கிடந்தால், அந்த ஒரு கதவைத் திறந்து வைத்து மற்றதை எல்லாம் சாத்திவிட்டு ஒதுங்கினால் பெரும்பாலும் தானே போய்விடும். வாசலை மறித்துக்கொண்டு பத்துப் பேர் நின்றால் எப்படிப் போகும்?

செலவு இல்லை. ஆனால் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு: பொறுமை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். "போயிருச்சு" என்பதற்கும் "காணோம்" என்பதற்கும் நிறைய வித்தியாசம். காணோம் என்றால் அன்று ராத்திரி வீட்டின் அந்தக் கட்டுக்குள் யாரும் தரையில் படுக்கக் கூடாது.

சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன், பச்சைப் பாம்பு எல்லாவற்றுக்கும் இந்த வழி நன்றாகப் பொருந்தும். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பார்கள். அது மரத்தில் ஏறுவது ஓணானையும் பல்லியையும் பிடிக்கத்தான், நம்மைக் கொல்லும் விஷம் அதற்குக் கிடையாது. நல்ல பாம்பாகவே இருந்தாலும் தோட்டத்தில் வழியில் போனால் வழி விடுவதுதான் புத்திசாலித்தனம். படுக்கும் இடம், சமையல்கட்டு, சாமான் அடுக்கிய அறை, இந்த மூன்றிலும் கிடந்தால் மட்டும் இந்த வழியை நம்பி உட்காராதீர்கள்.

## வழி இரண்டு: தீயணைப்பு நிலையம்

101 அல்லது 112. ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பார்கள், பணம் கேட்க மாட்டார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு முதல் போன் இதுதான், நியாயமும்கூட. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று சுற்றி நிலையங்கள் இருக்கின்றன. கம்பும் கிடுக்கியும் பையும் கொண்டு வருவார்கள், பிடித்ததை வனத்துறையிடம் ஒப்படைப்பார்கள்.

குறை எங்கே? அவர்களுடைய முதல் வேலை தீயும் விபத்தும். ஒரு கோடைக்காலத்தில் நான் கூப்பிட்ட நேரம் வைக்கோல் படப்பு எரிந்துகொண்டிருந்தது. வந்து சேர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பாம்பு பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் இருந்த சுவர்ப் பொந்துக்குள் போய்விட்டது. வந்தவர்கள் அரை மணி நேரம் தேடினார்கள், திரும்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. தப்பு என்னுடையது: டீ வாங்கி வரப் போன காவல்காரருக்குப் பதிலாக அங்கே வேறு ஆளை நிறுத்தவில்லை.

இன்னொன்று, இரும்புக் கிடுக்கி. பயந்த கை அதை அழுத்தினால் பாம்பின் விலா எலும்பு நொறுங்கும். வெளியே காயம் தெரியாது. பையில் உயிரோடு போய், ரெண்டு நாளில் ஏதோ ஒரு புதருக்குள் சாகும். எல்லோரும் அப்படிப் பிடிப்பதில்லை, நிதானமாகக் கொக்கியால் தூக்குகிற வீரர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் யார் பணியில் இருப்பார் என்பது நம் கையில் இல்லை.

## வழி மூன்று: வனத்துறை

சட்டப்படி முறையான இடம் இதுதான். எங்கே விடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களிடம்தான். காயம்பட்ட பாம்பு, வலையில் சிக்கியது, மலைப்பாம்பு, உடும்பு, முட்டைகளோடு கிடைத்தது, இவற்றுக்கெல்லாம் நான் நேரே வனச்சரக அலுவலகத்துக்குத்தான் போன் போடுவேன்.

பின்கட்டு விறகுக் குவியலைப் பிரித்தபோது ஒருமுறை வெள்ளையாகப் பதினைந்து முட்டைகள் ஒட்டிக் கிடந்தன. நல்ல பாம்பு வெயில் காலத்தில் முட்டையிடும், ஏறத்தாழ ரெண்டு மாதத்தில் குஞ்சு பொரியும். அதைத் தூக்கித் தூரப்போட்டால் வீண், புரட்டிப் போட்டாலும் உள்ளே இருப்பது பிழைப்பது சந்தேகம். இப்படிப்பட்ட நேரத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஓடிவர ஆள் தேவையில்லை, விஷயம் தெரிந்தவர் மறுநாள் பகலில் வந்தால் போதும்.

குறை, தூரமும் ஆள் பற்றாக்குறையும். ஒரு சரகத்துக்குக் கீழே எத்தனையோ ஊர்கள், கண்மாய்கள், காடுகள். அலுவலக நேரம் தாண்டினால் போன் எடுப்பது அவரவர் அதிர்ஷ்டம். வளவில் படமெடுத்து நிற்கும் பாம்புக்கு முதல் போனாக இதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் தீயணைப்புக்குச் சொன்ன கையோடு இங்கேயும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. பாம்பு கடைசியில் இவர்களிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

## வழி நான்கு: ஊரிலிருக்கும் பாம்பு பிடிப்பவர்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் இங்கேதான் கலந்து கிடக்கிறது.

நல்ல ஆள் அமைந்தால் இதற்கு ஈடு இல்லை. பத்து நிமிஷத்தில் பைக்கில் வந்துவிடுவார். நான் பார்த்ததிலேயே சுத்தமான வேலை ஒன்றைச் சொல்கிறேன். கையில் ஒரு கொக்கிக் கம்பு, ஒரு முழ நீளக் கறுப்புப் பிவிசி குழாய், அதன் ஒரு முனையில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய துணிப்பை. நல்ல பாம்பு அண்டா அடுக்கின் ஓரமாகக் கிடந்தது. வந்தவர் எல்லோரையும் வெளியே அனுப்பினார், விளக்கை ஒன்று மட்டும் விட்டு அணைக்கச் சொன்னார், குழாயின் திறந்த வாயைச் சுவரோடு ஒட்டி வைத்தார். பிறகு கம்பால் பாம்பின் வால் பக்கம் லேசாக ஒரு தொடல். அவ்வளவுதான். பாம்புக்கு இருட்டுப் பொந்து கண்ணில் பட்டது, தானே உள்ளே போனது, பையில் இறங்கியது. முடிச்சுப் போட்டார். கழுத்தைப் பிடிக்கவில்லை, தூக்கிக் காட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கெட்ட ஆள் அமைந்தால்? இதுவும் என் கண் முன்னால் நடந்தது, பணம் கொடுத்ததும் நான்தான். ஒருவர் வந்து வெறும் கையால் வாலைப் பிடித்து, முற்றத்தில் வைத்து அதைப் படமெடுக்கச் செய்து, பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுத்து, கடைசியில் காற்றுத் துளை இல்லாத பிளாஸ்டிக் ஜாடியில் அடைத்து, சித்திரை வெயிலில் பைக்கில் மாட்டிக்கொண்டு போனார். 1,500 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். மறுநாள் விசாரித்தால், "அது செத்துப்போச்சு சார்" என்றார். அதை நாங்களே அடித்திருந்தாலும் முடிவு இதுதான், என்ன, 1,500 மிச்சமாகியிருக்கும்.

இதை விடப் பெரிய மறைமுகச் செலவு, அந்த ஆளின் உயிர். முப்பது வருஷம் பிடித்தவரும் ஒரு நொடியில் கடிபட்டு இறந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அது நடந்தால் பொறுப்பு யாருடையது?

அப்புறம் மண்ணுளிப் பாம்பு. இருதலை என்று சொல்லி, லட்சக்கணக்கில் விலை பேசி ஏமாற்றும் கூட்டம் இருக்கிறது. அந்தப் பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகிறேன் என்று யாராவது மிகுந்த ஆர்வத்தோடு ஓடிவந்தால், எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அது விஷமில்லாத மண் பாம்பு. தோட்டத்தில் கண்டால் அங்கேயே விட்டுவிடலாம்.

ஆகவே ஆளைக் கூப்பிடும் முன் ரெண்டு கேள்வி: வனச்சரகத்தில் உங்களைத் தெரியுமா? எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்? முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். பக்கத்துக் கேரளத்தில் 2020-இல் சர்ப்பா என்ற செயலியை வனத்துறையே கொண்டுவந்து, பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களை மட்டும் அதில் சேர்த்திருக்கிறது. அதனால் அங்கே கூப்பிடுபவருக்கு ஆளை எடைபோடும் வேலை மிச்சம்.

பாம்பு பிடிப்பதில் பேர்போன இருளர் பழங்குடியினரைக் கூப்பிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் அவர்களது கூட்டுறவுச் சங்கம் அரசு அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பவும் வெளியே விடுகிறது. நாடு முழுக்க விஷமுறிவு மருந்துக்கு அதுதான் பெரிய ஆதாரம். 2023-இல் அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வயலில் தடம் பார்த்தே இன்ன பாம்பு என்று சொல்கிற அறிவு அது. ஆனால் அவர்கள் இருப்பது செங்கல்பட்டுப் பக்கம். காரைக்குடியில் அண்டாவுக்குப் பின்னால் கிடப்பதற்கு அங்கிருந்து ஆள் வர முடியாது.

## வழி ஐந்து: நாமே பிடிப்பது, அடிப்பது

வேண்டாம். பாம்பை அடிக்கவும் பிடிக்கவும் கிட்டே போகும்போதுதான் பலர் கடி வாங்குகிறார்கள். வாளியைக் கவிழ்த்து மேலே கல் வைப்பது மட்டும், அதுவும் சின்னப் பாம்பாக, எட்டி நின்று செய்ய முடிந்தால் சரி. கார்பாலிக் ஆசிட், பூண்டு, பெருங்காயம், பினாயில் எல்லாம் பாம்பை விரட்டுவதில்லை. கார்பாலிக் ஆசிட் நம் தோலைத்தான் பொசுக்கும்.

அடிப்பதில் ஓர் ஓரவஞ்சனை இருப்பதையும் கவனித்திருக்கிறேன். நல்ல பாம்பு என்றால் ஆச்சிமார், "அது நல்லதுப்பா, அடிச்சிராதீக, ஒரு கிண்ணத்துல பால் வச்சிட்டுப் போங்க" என்பார்கள். அது பால் குடிக்காது என்று சொன்னால் கோபம் வரும், அதனால் சொல்வதில்லை. கட்டுவிரியனுக்கு இந்தச் சலுகை கிடையாது. கட்டுவிரியனின் பெயரால் அதிகம் செத்துப்போவதும் கட்டுவிரியன் இல்லை, வெள்ளிக்கோல் வரையன். பல்லியைத் தேடி ஓட்டுக்கூரைக்கும் சுவருக்கும் ஏறும், விஷமற்ற சின்னப் பாம்பு அது.

போன ஐப்பசியில் பூ வேலை செய்த ஆத்தங்குடிக் கல் தரையில், சிவப்புப் பூவுக்கும் பச்சை இலைக்கும் நடுவே ஒன்று கிடந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையங்கள். போனை ஜூம் செய்து பார்த்தோம். வளையம் தலைப்பக்கம் தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கினால் வரையன். தலைப்பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, வால் நோக்கிப் போகப் போக, பெரும்பாலும் இரண்டிரண்டாகத் தெளிவானால் கட்டுவிரியன். எங்களுடையது வரையன். ஆனாலும் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றோம். கண் ஏமாறும், அதுவும் ராத்திரியில்.

## ஒரே பார்வையில்

| வழி | எவ்வளவு நேரம் | கைக்காசு | மறைந்திருக்கும் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| விட்டு ஒதுங்குவது | பத்து நிமிஷமும் ஆகலாம், ரெண்டு மணியும் ஆகலாம் | இல்லை | காவல் இருக்க ஒரு ஆள், பொறுமை | தோட்டம், தெரு, முகப்பு, விஷமில்லாதவை |
| தீயணைப்பு நிலையம் | தூரத்தையும் அவர்கள் வேலையையும் பொறுத்தது | இல்லை | தாமதம். கிடுக்கிக் காயம் | வீட்டுக்குள், ராத்திரி, ஆட்கள் இருக்கும்போது |
| வனத்துறை | பகலில் நம்பலாம் | இல்லை | நேரம் தாண்டினால் நிச்சயமில்லை | முட்டை, காயம், உடும்பு, மலைப்பாம்பு |
| பழகிய மீட்பாளர் | பெரும்பாலும் சீக்கிரம் | பெட்ரோல் காசு முதல் ஆயிரத்துக்கு மேல் | தவறான ஆள் என்றால் பாம்பும் போகும், சட்டச் சிக்கலும் வரும் | வனத்துறைக்குத் தெரிந்த ஆளாக இருந்தால் மட்டும் |
| நாமே | உடனே | இல்லை | ஆஸ்பத்திரி, வழக்கு | எப்போதும் இல்லை |

## எங்கே விடுவது: பக்கத்திலா, தூரத்திலா

"பிரான்மலைப் பக்கம் கொண்டுபோய் விட்டாச்சு" என்று கேட்டால் எல்லோருக்கும் மனசு நிறைந்துவிடும். காடு, மலை, பாம்புக்கு வேறென்ன வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாம்புக்குத் தன் இடம் தெரியும். எந்தப் பொந்தில் வெயிலுக்கு ஒதுங்கலாம், எந்தக் கரையில் தவளை கிடைக்கும் என்பது அதற்குப் பழக்கம். முன்பின் தெரியாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் அலையும். அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், இடம் மாற்றப்பட்டவை சொந்த இடத்தில் இருந்தவற்றை விட அதிகம் அலைந்தன, அதிகம் செத்தன. கர்நாடகத்து ஆகும்பேயில் ராஜநாகத்திடமும் இதே அலைச்சலைப் பார்த்திருக்கிறார்கள். அலையும் பாம்பு ரோட்டைக் கடக்கும், நாயிடம் மாட்டும், முன்பின் தெரியாத வேறு ஒரு வீட்டுக்குள் நுழையும். நம் பிரச்சினையை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பியது போலத்தான். போதாக்குறைக்கு, நம் சரளைச் செம்மண் பூமியில் வளர்ந்த பாம்பை மலைக்காட்டில் விட்டால் அது அங்கே என்ன செய்யும்?

பக்கத்திலேயே, ஊரைத் தாண்டிய கண்மாய்க் கரையில், ஒரு கிலோமீட்டருக்குள் விட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். குறை என்ன? திரும்ப வரலாம். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். "அங்கனயே விட்டா நாளைக்கே வந்துருமே தம்பி" என்பார். வரலாம்தான். ஆனால் அதைத் தூர விட்டாலும் அந்த எலியும் அந்தப் பொந்தும் இருக்கும்வரை அடுத்தது வரும்.

என் அபிப்பிராயம்: விஷமில்லாதது என்றால் தோட்டத்து மூலையிலேயே விடலாம். சாரை இருக்கும் வீட்டில் எலி குறையும். விஷமுள்ளது, வீட்டுக்குள் பிடிபட்டது என்றால், அதே ஊர்ப்புறத்தில், வீடுகள் இல்லாத பக்கம், பொந்தோ புதரோ தண்ணீரோ இருக்கும் இடத்தில், வெயில் இறங்கிய பிறகு. அதை முடிவு செய்ய வேண்டியவர் வனத்துறை ஆள். நாம் செய்யக்கூடியது, "ரொம்பத் தூரம் வேண்டாங்க" என்று ஒரு வார்த்தை சொல்வது.

## உடும்பு, அரணை, பல்லி

அரணை நக்கினால் மரணம் என்பது எதுகைக்காகச் சொன்னது. அது விஷமில்லாதது, விட்டுவிடுங்கள். பல்லியைப் பிடித்துத் தூர விடச் சொல்லி ஒரு சிங்கப்பூர்க்காரர் கேட்டார். அவர் பிள்ளைகளுக்குப் பயமாம். அத்தனை பெரிய வீட்டில் எத்தனை பல்லியைப் பிடிப்பது என்று கேட்டேன், சிரித்துவிட்டார்.

உடும்பு வேறு கதை. மழைக்காலத்தில் பின்கட்டுக்குள் வந்துவிடும். கடித்தால் விஷத்தால் சாக மாட்டோம், ஆனால் வால் அடியும் நகமும் பல்லும் கையைக் கிழிக்கும். மூலையில் மடக்காமல் ஒரு கதவைத் திறந்து வைத்தால் பகலிலேயே தானே போய்விடும். உடும்பு விஷயத்தில் எனக்குப் பாம்பு பிடிப்பவரையும் கூப்பிடத் தயக்கம். கறிக்கும் எண்ணெய்க்கும் அதை விரும்பும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வனத்துறைக்கு மட்டும் சொல்வேன்.

## கடித்துவிட்டால்

இதில் ஒப்பிட ஒன்றும் இல்லை. 108, அரசு மருத்துவமனை. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துப் போகாதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துக் கூட்டிப்போங்கள். கட்டுவிரியன் கடித்தது வலிக்காமல்கூடப் போகும், தூக்கத்தில் தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தானாகக் கவிழ்வது, பேச்சுக் குழறல் என்றால் காத்திருக்காதீர்கள். கல்யாண வீட்டில் தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் சொருகச் சொல்கிறேன். கொசுவுக்கென்று நினைத்து ஒத்துக்கொள்கிறார்கள்.

## பிடித்த பிறகு மீதியிருக்கும் வேலை

பாம்பு போனதும் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள். உண்மையில் வேலை தொடங்குவதே அப்போதுதான். முற்றத்து மழைத்தண்ணீர் வெளியேறும் துளை தெருச் சாக்கடையில் போய் முடிகிறது. பாம்புக்கு அதுதான் ராஜபாட்டை. அதற்குக் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலை போட வேண்டும், துருப்பிடிக்கிறதா என்று வருஷம் ஒரு முறை பார்க்க வேண்டும். பின்கட்டுக் கதவின் கீழ் இடைவெளிக்கு ரப்பர் பட்டை. விறகும் பழைய ஓடும் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது. நெல் கொட்டி வைத்த அறையில் சிந்தியதைக் கூட்ட வேண்டும். தோட்டத்தில் நைலான் வலை விரிக்க வேண்டாம், பாம்பு அதில் சிக்கி அறுபட்டுச் சாகும். நாலு வீட்டில் ரெண்டில் இதையெல்லாம் செய்துவிட்டோம். போன வருஷம் எனக்கு வந்த போனெல்லாம் மற்ற ரெண்டு வீடுகளிலிருந்துதான்.

கடைசியாக ஒன்று. முகப்புக் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டையில் 101, 112, 108, வனச்சரக அலுவலக எண் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே வீட்டு விலாசம். அதற்கும் கீழே, பெரிய எழுத்தில்: "பின்கட்டுல கெடந்தா பின் தெருவுக்கு வரச் சொல்லு." நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. வண்டி முன்வாசலில் நின்று ஹாரன் அடிக்க, காவல்காரர் பின்வாசலில் டார்ச்சோடு நின்று காத்திருந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு எழுதியது அது.